கையெழுத்திட்ட நகல்: தாகூரின் தன்மொழிபெயர்ப்பு

இரவீந்திரநாத் தாகூரின் ஆங்கிலக் கீதாஞ்சலியை வங்காள மூலத்தோடு ஒப்பிட்டுக் குறை காண்பது காலம் கடந்த முறை என்றும், அந்நூல் மொழிபெயர்ப்பே அன்று, கவிஞர் தம் இரண்டாம் மொழியில் புதிதாக ஆக்கிய தனிப் படைப்பு என்றும் சொல்லும் வாதம், மொழிபெயர்ப்பியல் ஒரு துறையாக வளர்ந்த பிறகு ஏறத்தாழ முடிந்த முடிபாகிவிட்டது. சாகித்திய அகாதெமி, சிசிர் குமார் தாஸைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1994 முதல் தாகூரின் ஆங்கில எழுத்துகளைத் தனித் தொகுதிகளாக வெளியிட்டபோது இந்த வாதத்துக்கு ஒரு நூலகத் தகுதியும் கிடைத்தது. சிதறிக் கிடந்தவற்றைத் தொகுத்தது பாராட்டத்தக்க பணியே. ஆனால் அதிலிருந்து, ஆசிரியரே செய்ததால் அந்த ஆங்கிலமும் மூலம்தான் என்ற முடிவுக்குத் தாவுவது பெரும் பிழை. தன்மொழிபெயர்ப்பு, அதாவது ஒரு படைப்பாளி தம் படைப்பைத் தாமே வேறொரு மொழிக்குக் கொண்டு செல்லும் முறை, தாகூரின் கையில் என்ன செய்தது என்பதைப் பாடல் பாடலாகப் பார்த்தவர்கள் அந்த முடிவை ஏற்க இயலாது.

அந்த முறையால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. 1912ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடல்நலம் குன்றி, இங்கிலாந்துப் பயணம் தள்ளிப்போக, பத்மா நதிக் கரையிலுள்ள சிலைதஹாவில் ஓய்ந்திருந்த நாட்களில் அவர் தம் பாடல்களை ஆங்கில உரைநடையில் எழுதிப் பார்க்கத் தொடங்கினார். அன்றைய வழக்கப்படி விக்டோரிய யாப்பில், வலிந்து சேர்த்த இயைபுகளோடு வேறொருவர் அவற்றை ஆங்கிலமாக்கியிருந்தால் லண்டனில் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் தேர்ந்த எளிய, தாளமுள்ள உரைநடை அந்த நேரத்துக்கு மிகச் சரியான தேர்வு. அதற்கு எதிர்பாராத ஒரு பின்விளைவும் இருந்தது. யாப்பில்லாத ஆங்கிலம் கவிதையென ஏற்கப்பட்டதைக் கண்ட பிறகு, வங்காள உரைநடையிலும் கவிதையின் சுவையைத் தர முடியுமா என்ற கேள்வி தம் மனத்தில் தங்கிவிட்டதாக 1932இல் வந்த 'புனச்ச' தொகுப்பின் முன்னுரையில் தாகூர் சொல்கிறார். வங்காள உரைநடைக் கவிதைக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது.

நூலின் வரலாறு பலரும் அறிந்ததுதான். 1910இல் வெளியான வங்காளக் கீதாஞ்சலியில் 157 பாடல்கள். 1912 நவம்பரில் லண்டன் இந்தியச் சங்கம் 750 படிகள் மட்டும் அச்சிட்ட ஆங்கில நூலில் 103 பகுதிகள். இவற்றுள் 53 மட்டுமே வங்காளக் கீதாஞ்சலியிலிருந்து வந்தவை. மற்றவை 'நைவேத்ய', 'கேயா', 'கீதிமால்ய', 'சிசு' முதலிய வேறு நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஓவியர் வில்லியம் ராதன்ஸ்டைன் கையெழுத்துப் படியைக் கவிஞர் யேட்ஸிடம் சேர்த்தார். யேட்ஸ் முன்னுரை எழுதினார். 1913 நவம்பரில் நோபல் பரிசு வந்தது. பெயர் ஒன்றாயினும் நூல்கள் இரண்டு. இந்த அடிப்படைச் செய்தியையே பெரும்பாலான வாசகர்கள் இன்றும் அறியாதிருப்பது, தன்மொழிபெயர்ப்பு என்னும் முறையின் முதல் விளைவு.

அம்முறையின் மீதான முதன்மையான குற்றச்சாட்டு, சொல்லுக்குச் சொல் துல்லியமில்லை என்பதன்று. கவிதையை மொழிபெயர்ப்பவர் எவரும் எதையாவது இழக்கத்தான் செய்வார். அதைக் குற்றமென்றால் உலகில் மொழிபெயர்ப்பே நடவாது. தாகூர் இழந்தவற்றுக்கு ஒரு திசை இருந்தது என்பதே குற்றச்சாட்டு. கரடுமுரடானவை, உள்ளூர்த்தன்மை உடையவை, தம் மக்களை நோக்கிக் கடிந்து பேசுபவை ஆகியவையே தொடர்ந்து நீக்கப்பட்டன. கீழ்த்திசை ஞானியிடம் ஐரோப்பா எதிர்பார்த்த மென்மை மட்டும் எஞ்சியது. நீக்கியவர் ஆசிரியரே என்பதால் நீக்கப்பட்டது எதுவென்று கேட்கும் தேவையே எழவில்லை.

இதற்கு மறுக்க முடியாத சான்று, இந்தியப் பள்ளிகளின் சுவர்களில் எழுதப்பட்டு, மேடைதோறும் ஒப்பிக்கப்பட்டு, தேசத்தின் பொதுப் பிரார்த்தனைபோல் ஆகிவிட்ட, 'மனம் எங்கே அச்சமற்றிருக்கிறதோ' எனத் தொடங்கும் பாடல்தான். ஆங்கிலத்தில் 35ஆம் எண்ணுடைய இந்தப் பாடல், 1901இல் வெளிவந்த 'நைவேத்ய' நூலின் 72ஆம் கவிதை. மூலம் பதினான்கு அடிகளைக் கொண்டது. 'பயார்' என்னும் வங்காள மரபு யாப்பில், அதாவது அடிக்குப் பதினான்கு எழுத்தாகவும் எட்டாம் எழுத்தில் ஒரு சிறு நிறுத்தமாகவும் வரும் யாப்பில், இரண்டிரண்டு அடிகள் இயைபு பெற்று, பொருள் ஓரடியில் முடியாமல் அடுத்த அடிக்குள் வழிந்து, பதினான்கு அடிகளும் சேர்ந்து ஒரே வாக்கியமாக நிற்கின்றன. அந்த வாக்கியத்தின் வினைமுற்று கடைசி அடியில்தான் வருகிறது. அதுவரை அடுக்கப்படும் 'எங்கே' என்னும் துணைத் தொடர்கள் யாவும் அந்த ஒரு வினைக்காகக் காத்திருக்கின்றன. வினையைக் கடைசியில் வைப்பதைத் தமிழும் வங்காளமும் இயல்பாகச் செய்யும்; ஆங்கிலத்தில் அது அணியாகவே அமைய முடியும்.

அந்தக் கடைசி இரண்டடிகளில் கவிஞர் கேட்பது என்ன? தந்தையே, உன் கையாலேயே இரக்கமின்றி அடித்து, பாரதத்தை அந்தச் சொர்க்கத்தில் விழித்தெழச் செய் என்பது மூலத்தின் பொருள். ஆங்கிலத்தில் அந்த அடி இல்லை. இரக்கமற்ற அடி என்ற கருத்து முற்றாக விழுங்கப்பட்டுவிட்டது. பாரதம் என்ற பெயரும் போய் 'என் நாடு' என்ற பொதுச்சொல் வந்துவிட்டது. மூலத்தில் வெறும் 'அந்தச் சொர்க்கம்' என்றிருந்ததற்குச் 'சுதந்திரத்தின் சொர்க்கம்' என்று ஓர் அடைமொழி சேர்ந்துவிட்டது. தண்டனை வேண்டிய குரல் வரம் வேண்டும் குரலாகிவிட்டது. ஆண்மை நூறு துண்டாகச் சிதறாதிருப்பதைச் சொல்லும் இன்னொரு தொடரும் ஆங்கிலத்தில் காணப்படவில்லை. ஆங்கில வடிவத்தின் இறுதித் தொடருக்கு ஒரு கம்பீரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தூங்கும் மகனைத் தட்டி எழுப்பத் தகப்பனை அழைக்கும் அந்தக் கோபம், அந்த வலி, அதில் எங்கே இருக்கிறது?

அதே கவிதையின் நடுவே இதைவிட நுட்பமான ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. 'ஆசாரம்' என்னும் பாலைமணல் 'விசாரம்' என்னும் ஆற்றின் போக்கை விழுங்கிவிடாத இடம் என்று மூலம் பேசுகிறது. வங்காளத்தில் இந்த இரு சொற்களும் ஓசையால் இரட்டைப் பிள்ளைகள், பொருளால் பகைவர்கள். ஆய்ந்து பார்க்கும் அறிவை, ஆராயாமல் பின்பற்றும் சடங்கொழுக்கம் மூடிவிடுகிறது என்ற சமூக விமர்சனம் அந்த எதுகையிலேயே அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஆசாரம் 'செத்த பழக்கம்' ஆனது. பழக்கம் என்பது காலையில் எழுந்து தேநீர் குடிப்பதுமாகலாம். ஆசாரம் என்பது யார் யாரைத் தொடலாம், யார் எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம். தமிழில் ஆசாரம் இன்றும் உயிருள்ள சொல், விசாரமும் அப்படியே. வங்காளத்திலிருந்து நேரே வந்திருந்தால் இரண்டும் ஒலியோடும் பொருளோடும் தமிழில் அப்படியே அமர்ந்திருக்கும். லண்டன் வழியாக வந்தபோதோ ஆசாரத்தின் பெயரே காணாமற்போய், எவரையும் குற்றஞ்சாட்டாத 'பழக்கம்' தமிழ்ப் பாடத்திலும் ஏறுவதற்கு வழி பிறந்தது.

மழைப் பாடல்களின் கதி வேறு வகையானது. சிராவண மாதத்தின் அடர்ந்த இருளில், எல்லார் பார்வையையும் தப்பி, இரவைப்போல் ஓசையின்றி ஒருவன் வரும் பாடல் ஆங்கிலத்தில் 22ஆம் எண்ணாக உள்ளது. அங்கே சிராவணம் 'ஜூலை' ஆகிவிட்டது. ஆங்கிலேயருக்கு ஜூலை வெயிற்கால மாதம். வங்காளிக்குச் சிராவணமோ, வைணவப் பதாவலிப் பாடல்களில் ராதை மழையிரவில் கண்ணனைத் தேடிப் புறப்படும் 'அபிசாரம்' என்னும் மரபு முழுவதையும் ஒரே சொல்லில் எழுப்பும் மாதம். தாகூர் அம்மரபைத் திருப்பிப்போட்டு, வருபவனைத் தலைவனாக்கி, அந்தத் தலைவன் இறைவனா காதலனா என்று சொல்லாமல் விடுகிறார். காவல் கடந்து நள்ளிரவில் தலைவன் வரும் இரவுக்குறியைச் சங்கப் பாடல்களில் படித்த தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சிக்கு உரையே தேவையில்லை. ஆங்கிலத்தில் அது மழைநாள் தியானமாகச் சுருங்கிப்போய், மூலத்தின் முதல் அடியிலேயே அடுக்கடுக்காக விழும் மோனைகளும் உள்ளியைபுகளும் சுவடின்றி மறைந்தன.

விளிச்சொல்லும் மாறிப்போனது. வங்காளத்தில் முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு: மரியாதைக்கு 'ஆப்னி', நெருக்கத்துக்கு 'துமி', மிக நெருங்கியவர்க்கும் கீழோர்க்கும் 'துய்'. தாகூரின் பாடல்கள் இறைவனைப் பெரும்பாலும் 'துமி' என்றே அழைக்கின்றன. நண்பனையும் மனைவியையும் அழைக்கும் சொல் அது. படர்க்கைச் சொல்லில் ஆண்பால் பெண்பால் வேறுபாடும் வங்காளத்தில் இல்லை. ஆகவே யாரைப் பற்றிய பாடல் என்ற ஐயம் கடைசிவரை தீராமல் நிற்பதே அப்பாடல்களின் உயிர். தாகூர் தேர்ந்த ஆங்கிலமோ விவிலியத்தின் பழஞ்சொல் முன்னிலை. அந்த ஒரு தேர்வால், ஆற்றங்கரைத் திண்ணையில் பாடப்பட்ட நட்பின் குரல் தேவாலயத்து வழிபாட்டுக் குரலாக ஒலிக்கத் தொடங்கியது.

வடிவத்தின் இழப்பைப் பற்றித் தனி நூலே எழுதலாம். தாகூரின் பாடல்களில் பல, துருபத் இசை மரபிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட ஸ்தாயி, அந்தரா, சஞ்சாரி, ஆபோக் என்னும் நான்கு பகுதி அமைப்பில் உள்ளவை. பல்லவியைப்போல முதற்பகுதி திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் முன்னில்லாத பொருளை ஏற்கிறது. ஆங்கிலத்தில் அந்தத் திரும்பல் இல்லை. 1890இல் வெளிவந்த 'மானசி'யில், மெய்யெழுத்தில் முடியும் அசையை இரண்டு மாத்திரையாகக் கணக்கிட்டு வங்காள யாப்பையே புரட்டிப்போட்டவர், 1916இல் 'பலாகா'வில் இயைபை வைத்துக்கொண்டே அடியின் நீளத்தை உடைத்தவர், ஆங்கில நூல்களில் எல்லாக் காலத்துக்கும் ஒரே உரைநடையில் பேசுகிறார். பலாகாவில் உள்ள ஷாஜஹான் கவிதை நீண்ட கவிதை. முதற்பாதியில் தாஜ்மகாலை மறவா நினைவின் சின்னமாகப் போற்றிவிட்டு, பிற்பாதியில் அந்தப் புகழ்ச்சியையே பொய்யென்று முறித்து, மறக்கவில்லை என்று யார் சொன்னது என்று கேட்டு, வாழ்க்கை எந்தக் கல்லறையிலும் தங்குவதில்லை என்று வாதாடுகிறது. 1918இல் வெளியான ஆங்கிலத் தொகுப்பின் முதற்பகுதியாக அது வந்தபோது சில வாக்கியங்களாகக் குறுகி, கவிதையின் பாதியை நிறைத்த வாதம் இறுதி வாக்கியம் ஒன்றில் அடங்கிவிட்டது. தன்னோடு தானே சண்டையிடும் கவிஞர் மறைந்து, முடிவை அறிவிக்கும் ஞானி அங்கே வந்து அமர்கிறார்.

இவை எல்லாம் பிற்காலத் திறனாய்வாளர்கள் வலிந்து கண்ட குறைகள் என்று தள்ள முடியாதபடி, தாகூரே இதை அறிந்திருந்தார். அண்ணன் மகள் இந்திரா தேவிக்கு 1913இல் எழுதிய கடிதத்தில், தமக்கு ஆங்கிலம் எழுத வராது என்பது எல்லாரும் கண்கூடாகக் காணும் உண்மை என்ற பொருளில் எழுதினார். 1921இல் ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் தாம்ஸனுக்கு எழுதிய கடிதம் இன்னும் கடுமையானது: கடினமான இடங்களைத் துணிவின்றித் தவிர்த்து வந்ததால் மொழிபெயர்ப்பு வழவழப்பாகவும் மெலிந்தும் போனதென்றும், விளையாட்டாகத் தம் நாணயத்தைத் தாமே போலியாக வார்க்கத் தொடங்கியவர் இப்போது அதன் அளவைக் கண்டு அஞ்சுவதாகவும் அதில் ஒப்புக்கொண்டார். கவிஞர் தம்மைப் பற்றித் தாமே தந்த இந்தத் தீர்ப்பைத் தன்னடக்கம் என்று சொல்லி ஒதுக்குவோர், அவருடைய ஆங்கிலத்துக்கு மட்டும் மதிப்புத் தந்து, அவருடைய நேர்மைக்குத் தர மறுக்கிறார்கள். ஒரு காலத்தில் அவரைக் கொண்டாடிய யேட்ஸ் 1935இல் ராதன்ஸ்டைனுக்கு எழுதும்போது, அடுத்தடுத்து வெளியிட்ட ஆங்கில நூல்களால் தாகூர் தம் பெயரைத் தாமே கெடுத்துக்கொண்டார், இந்தியர் எவருக்கும் ஆங்கிலம் தெரியாது என்றெல்லாம் எரிச்சலோடு சொன்னார். அதில் இனச் செருக்கு இருக்கிறது. அதைவிடப் பெரிய அறியாமையும் இருக்கிறது. படிக்கப்படாமல் கிடந்த வங்காளத்தை நினைத்துப் பாராமல், ஆங்கிலத்தை மட்டும் வைத்து ஒரு பெருங்கவிஞரைத் தூக்கவும் எறியவும் முடிந்தது.

ஆசிரியரின் கையெழுத்து செய்த பெருங்கேடு இதற்கும் அப்பாற்பட்டது. வேறொருவர் செய்த மொழிபெயர்ப்புக் குறையுடையதாயின், அடுத்து வருபவர் திருத்துவார். மூலம் எங்கோ இருக்கிறது என்ற உணர்வை அந்தக் குறையே காத்துத்தரும். கவிஞரே கையெழுத்திட்ட நகல் அந்த உணர்வைக் கொன்றுவிடுகிறது. பிரெஞ்சில் ஆந்த்ரே ழீத் ஆங்கிலத்திலிருந்தே மொழிபெயர்த்தார்; ஸ்பானிய மொழியில் செனோபியா காம்ப்ரூபியும் ஹுவான் ரமோன் ஹிமேனெஸும் அவ்வாறே செய்தார்கள்; சிலி நாட்டுக் கவிஞர் நெரூதா 1924இல் வெளியிட்ட காதல் கவிதைத் தொகுப்பில் தாகூரின் பாடல் ஒன்றைத் தழுவி எழுதியபோது, அது மூலத்திலிருந்து எத்தனையோ கை மாறி வந்ததாக இருந்தது. திரும்பல்களையும் வரியமைப்பையும் மீட்டு கீதாஞ்சலியை வில்லியம் ராடிச் ஆங்கிலத்தில் புதிதாக மொழிபெயர்த்து வெளியிட்டது 2011இல். முதல் நூலுக்கும் அதற்கும் இடையே ஒரு நூற்றாண்டு.

தொலைதூரத்து மொழிகள் அப்படிச் செய்ததற்குக் காரணம் சொல்லலாம். வங்காளத்தோடு ஒரே நாட்டில் வாழும் மொழிகளும் அவ்வழியே சென்றதற்கு என்ன காரணம் சொல்வது? தமிழில் த. நா. குமாரஸ்வாமி வங்காளம் கற்று, கதைகளையும் நாவல்களையும் நேரே கொண்டுவந்தார். அந்த நேர்வழி கவிதைக்கு அதே அளவில் வாய்க்கவில்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று திரும்பி வரும் பாட்டின் இலக்கணம் கீர்த்தனையாகத் தமிழ் வீடுகளில் அன்றாடம் ஒலித்துக்கொண்டிருந்தபோது, அதே இலக்கணத்தில் பிறந்த வங்காளப் பாடல்கள் ஆங்கில உரைநடையாகி, பிறகு தமிழ் உரைநடையாக வந்து சேர்ந்தன. பாத்திரம் கையிலேயே இருந்தும், ஊற்ற வேண்டியதை ஆவியாக்கிவிட்டுப் பெற்றுக்கொண்டதற்கு இது ஒப்பானது.

தாகூருக்குப் பாத்திரத்தின் அருமை தெரியாமலில்லை. முத்துசுவாமி தீட்சிதர் மதுரை மீனாட்சியைப் பாடிய 'மீனாக்ஷி மே முதம்' கீர்த்தனையைக் கேட்டு, அதன் மெட்டிலேயே வசந்தத்தைப் பற்றி ஒரு வங்காளப் பாடலை அவர் அமைத்தார். தெற்கிலிருந்து ஒன்றை எடுத்தபோது இசையமைப்பைப் போற்றிக் காத்து, சொற்களை மாற்றினார். மேற்கே ஒன்றைக் கொடுத்தபோது இசையமைப்பை முற்றாகக் கைவிட்டு, சொற்களில் பாதியை மட்டும் அனுப்பினார். பாட்டு எதனால் பாட்டாகிறது என்று இவ்வளவு தெளிவாக அறிந்த ஒருவர், தம்முடைய 2000க்கும் மேற்பட்ட பாடல்களின் சாரம் பாட்டில்லாமலே கடல் கடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. நம்பாததையே தொடர்ந்து செய்தார் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

அவருடைய எழுத்துகளின் பதிப்புரிமை 2001ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்துவிட்டது. வங்காள மூலத்திலிருந்து எவரும் எதையும் தமிழாக்கலாம். தமிழில் கீதாஞ்சலி என்ற பெயரில் நூல் வெளியிடுவோர் எந்த மொழியிலிருந்து மொழிபெயர்த்தது என்பதைத் தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அப்படி அச்சிடாத நூலைக் கையில் எடுக்கும் வாசகர் கடைசிப் பாடலின் எண்ணைப் பார்த்தால் போதும்: அது 157 ஆனால் வங்காளத்திலிருந்து வந்தது, 103 ஆனால் லண்டனிலிருந்து வந்தது.